கண் பார்த்த நெருப்பும் முள் காட்டும் நெருப்பும்

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் மிஞ்சியிருக்கும் பழைய பண்ணை வீடுகள் பலவற்றில், நடுவீட்டை அடைத்துக்கொண்டு நிற்பது செங்கல் புகைபோக்கி. அதன் அடியில் ஆள் குனிந்து உள்ளே போகும் அளவுக்கு அகலமான கணப்பு. சமையல், குளிர்காய்தல், துணி உலர்த்துதல், இரவு வெளிச்சம் எல்லாம் அந்த ஒரே நெருப்பிலிருந்துதான். குடியேற்றக் காலத்தில் ஒரு குடும்பம் ஆண்டுக்கு முப்பது, நாற்பது கார்டு விறகு எரித்திருக்கக்கூடும் என்று வரலாற்றாசிரியர் வில்லியம் குரோனன் எழுதியிருக்கிறார். ஒரு கார்டு என்றால் நான்கடி அகலம், நான்கடி உயரம், எட்டடி நீளத்துக்கு அடுக்கிய விறகு. வாசலில் அப்படி நாற்பது அடுக்கு இருந்தும், அந்தச் சூட்டில் மிகச் சிறு பங்குதான் வீட்டுக்குள் தங்கியது. மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியே வானத்துக்குப் போனது.

அந்த நெருப்பு எத்தனை டிகிரி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லக் கருவி இல்லை. பாதரச வெப்பமானியை நெருப்புக்குள் வைக்க முடியாது. 357 டிகிரி செல்சியஸில் பாதரசமே கொதித்துவிடும். பீங்கான் சூளைக்காக ஜோசையா வெட்ஜ்வுட் 1782-இல் ஒரு வழி கண்டார். களிமண் துண்டு சூளைக்குள் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்து அதிலிருந்து சூட்டைக் கணித்தார். அது சூளைக்காரர்களுக்கான வழி. வீட்டில் கையும் கண்ணும் காதும்தான் கருவிகள். ரொட்டி சுடும் செங்கல் அடுப்புக்குள் கையை நீட்டி, எத்தனை எண்ணும் வரை தாங்க முடிகிறது என்று பார்த்துவிட்டு மாவை வைத்தார்கள். கட்டை வெடிக்கும் ஓசையிலிருந்து ஈரத்தையும், தணலின் நிறத்திலிருந்து சூட்டையும் படித்தார்கள். நெருப்பு முழுக்கக் கண்முன்னே இருந்ததால் இந்தப் படிப்பு போதுமானதாக இருந்தது.

ஆபத்து இல்லாமல் இல்லை. இன்றைய நியூயார்க், நியூ ஆம்ஸ்டர்டாமாக இருந்த 1648-இலேயே அதன் ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் வீடு வீடாகப் புகைபோக்கிகளைப் பார்வையிட ஆட்களை நியமித்தார். கரி சேரவிட்டவர்கள் அபராதம் கட்டினார்கள்.

அடுத்து வந்த மேதைகள் கவலைப்பட்டது விறகு வீணாவதைப் பற்றி. பெஞ்சமின் பிராங்க்ளின் 1740-களில் வார்ப்பிரும்புக் கணப்பை வடிவமைத்தார். அதற்குக் காப்புரிமை தர முன்வந்தபோது வேண்டாம் என்று மறுத்தார். மாசசூசெட்ஸில் பிறந்து ஐரோப்பாவில் புகழ்பெற்ற ரம்ஃபோர்டு பிரபு, 1796-இல் கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகை நுழையும் கழுத்தைக் குறுக்கினார். அறைக்குள் சூடு கூடியது, புகை குறைந்தது. இரண்டு திருத்தங்களுக்குப் பின்னும் நெருப்பு ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரிந்தபடியே எரிந்தது. காற்றும் அதற்குத் தாராளமாகக் கிடைத்தது.

உண்மையான மாற்றம் 1973 அக்டோபரில் தொடங்கியது என்பேன். அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில், நிலவறையில் எண்ணெய் உலை வைத்து வீட்டைச் சூடாக்கிய குடும்பங்கள் மறுபடி கோடாரியை எடுத்தன. வெர்மான்ட் மாநிலத்தின் ராண்டால்ஃப் ஊரில் 1975-இல் தொடங்கிய வெர்மான்ட் காஸ்டிங்ஸ் போன்ற நிறுவனங்களின் காற்றிறுக்கமான இரும்பு அடுப்புகள் வேகமாக விற்றன. கதவை மூடி, காற்று வரும் வாயைத் திருகினால் நெருப்பு நாம் சொன்னபடி கேட்கும். மாலையில் முழுக்க விறகை நிரப்பி, காற்றைக் குறைத்துவிட்டுப் படுத்தால் விடியும்போதும் தணல் இருக்கும். அப்படி ராத்திரி முழுக்க நெருப்பை நிறுத்துவது அந்நாளில் ஒரு கைத்திறமையாகவே மதிக்கப்பட்டது.

ஏற்கெனவே செங்கல் கணப்பு உள்ள வீடுகளுக்கு இன்னொரு வழி கிடைத்தது. கணப்பின் வாய்க்குள் பொருந்தும்படி ஓர் இரும்புப் பெட்டியைச் செய்து உள்ளே தள்ளிவிடுவது. அதற்குத்தான் இன்செர்ட் என்று பெயர். முன்னால் கண்ணாடிக் கதவு, சுற்றிலும் இடைவெளியை மறைக்கும் தகடு, பெட்டிக்கும் வெளிச்சட்டைக்கும் இடையே அறைக் காற்றை ஓட்டிச் சூடாக்கித் திருப்பித் தரும் சிறு மின்விசிறி. பார்க்க அழகாக இருந்தது, விறகும் மிச்சமானது.

அந்தக் காலத்து இன்செர்ட் பலவற்றைப் பொருத்திய விதம்தான் கொடுமை. பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, அதன் புகையை அப்படியே பழைய பெரிய செங்கல் புகைபோக்கிக்குள் விட்டுவிட்டார்கள். பெட்டியிலிருந்து மேல்நுனி வரை போகும் குழாய் எதுவும் கிடையாது. புகைபோக்கி சுத்தம் செய்பவர்கள் இந்த முறையை ஸ்லாமர் என்பார்கள். திறந்த கணப்புக்காகக் கட்டிய அகலமான புகைபோக்கி, அதிலும் பல வீடுகளில் வெளிச்சுவரை ஒட்டிப் பனியில் நிற்பது. காற்றைக் குறைத்ததால் சோம்பி எழும் குளிர்ந்த புகை அதற்குள் மெதுவாக ஏறும்.

விறகு எரிவது என்றால் கட்டை எரிவது என்று நினைக்கிறோம். சூட்டில் கட்டையிலிருந்து வாயுக்கள் கிளம்புகின்றன; சுவாலையாக எரிவது அந்த வாயுக்கள். அவை முழுதாக எரிய ஏறக்குறைய 600 டிகிரி சூடும், போதுமான காற்றும், கொஞ்சம் நேரமும் வேண்டும். காற்றை அடைத்தால் அவை எரியாமலே புகையாக மேலேறும். போகும் வழியில் குழாய்ச் சுவர் 120 டிகிரிக்குக் கீழே இருந்தால், இட்லிப் பானை மூடியில் ஆவி முத்து முத்தாகப் படிவதுபோல அங்கே படியும். படிவது தண்ணீர் மட்டுமாக இருந்தால் கவலையில்லை. கூடவே தாரும் படிகிறது. கிரியோசோட் என்று இதற்குப் பெயர். முதலில் தூரிகையால் உதிரும் கரித்தூள், அடுத்து பொறுக்குப் பொறுக்காகச் செதில், கடைசியில் கண்ணாடிபோல் பளபளக்கும் கெட்டித் தார். இந்தக் கடைசி நிலைக்கு வந்துவிட்டால் சாதாரணத் தூரிகை அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும்.

இப்படிச் சேர்ந்தது ஒருநாள் பற்றிக்கொள்ளும். புகைபோக்கித் தீயின் ஓசையைக் கேட்டவர்கள், சரக்கு ரயில் வீட்டின் மேல் ஓடுவதுபோல் இருந்தது என்று சொல்வது வழக்கம். உள்ளே சூடு 1100 டிகிரியைத் தொடக்கூடும். களிமண் ஓட்டு உள்ளுறை வெடிக்கும், செங்கல் இடுக்கு வழியே உத்தரத்தில் தீ பிடிக்கும். இன்னும் மோசமானது, சத்தமில்லாமல் சின்னதாக எரிந்து அணைந்துபோகும் தீ. உள்ளுறையில் விரிசல் விழுந்திருக்கும், வீட்டாருக்குத் தெரியாது. அடுத்த தீ அந்த விரிசலைத் தேடி வரும்.

எழுபதுகளின் விறகுப் பெருக்கத்தோடு இந்தத் தீ விபத்துகளும் பெருகின. இதில் மனித மனத்துக்கு எளிதில் ஏறாத செய்தி ஒன்று இருக்கிறது. பெரிய நெருப்பு ஆபத்து, சிறிய நெருப்பு பத்திரம் என்றே நமக்குப் பழக்கம். அடைத்த பெட்டிக்குள் அந்த வழக்கு செல்லாது. அடக்கமாகப் புகைந்துகொண்டிருக்கும் நெருப்பு, அடுத்த மாதத்து விபத்துக்கான எரிபொருளை ஒவ்வொரு இரவும் குழாயில் பூசிக்கொண்டிருக்கிறது. வில்லியம்ஸ் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த ஜே ஷெல்டன் போன்றவர்கள் அந்த ஆண்டுகளில் விறகு அடுப்புகளை முறையாகச் சோதித்து எழுதியது பெரிய தொண்டு. அதுவரை பாட்டன் சொன்னது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது என்று நடந்த காரியம் அளவுக்குரியதாயிற்று.

அளவு வந்தது ஒரு சின்ன வட்டத் தகட்டின் வடிவில். பின்னால் காந்தம், உள்ளே வெவ்வேறாக விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சுருள், முன்னால் ஒரு முள். இரும்புக் குழாயில் ஒட்டிவிட்டால் போதும், மின்சாரம் வேண்டாம். தகட்டில் மூன்று பகுதிகள்: கீழே தார் படியும் சூடு, நடுவில் சரியான சூடு, மேலே அடுப்பு அழியும் சூடு. ஒற்றைச் சுவர்க் குழாயின் மேற்பரப்பில் நடுப்பகுதி ஏறக்குறைய 120 முதல் 245 டிகிரி வரை. அமெரிக்கத் தகடுகளில் இது பாரன்ஹீட்டில் 250 முதல் 475 என்று அச்சாகியிருக்கும். குழாய்க்குள் ஓடும் புகையின் சூடு இந்த மேற்பரப்பு அளவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகையால் ஆய்வுக்கம்பியைக் குழாய்க்குள் நுழைத்துப் பார்க்கும் வெப்பமானிகளில் சரியான பகுதி 205 முதல் 480 வரை விரிகிறது. இரண்டு வகை எண்களையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். எங்கே அளந்தது என்று சொல்லாமல் சொல்லப்படும் அடுப்புச் சூட்டுக்குப் பொருளே இல்லை.

கண்ணால் இதைச் செய்ய முடியாதா என்று கேட்கலாம். ஜான் வில்லியம் டிரேப்பர் 1847-இல் நியூயார்க்கில் கண்ட உண்மை இதற்கு விடை: எந்தத் திடப்பொருளும் ஏறக்குறைய 525 டிகிரியில்தான் கண்ணுக்குத் தெரியும்படி மங்கிய சிவப்பாக ஒளிரத் தொடங்குகிறது. அடுப்பின் இரும்பு சிவப்பதை நாம் பார்க்கும்போது, அது தாங்க வேண்டிய சூட்டை எப்போதோ தாண்டிவிட்டது. மறுமுனையிலோ, 90 டிகிரிக் குழாயும் 200 டிகிரிக் குழாயும் கண்ணுக்கு ஒன்றே. தார் படிகிற பக்கத்தில் கண்ணுக்கு வேலையே இல்லை.

சரி, தனியே நிற்கும் அடுப்புக்கு முள் வந்துவிட்டது. இன்செர்ட் வைத்தவருக்கு? அவர் தகட்டை வாங்கிக்கொண்டு வந்து எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் நிற்பார். குழாய் முழுவதும் கணப்பின் இருட்டுக்குள், மறைப்புத் தகட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அடுப்பின் மேல்தகடும் பாதி உள்ளே. கையெட்டும் இடம் முகப்பு மட்டுமே. பலரும் கதவுக்கு மேலே இருக்கும் இரும்புப் பட்டையில் ஒட்டினார்கள், இன்றும் ஒட்டுகிறார்கள். அங்கே காட்டும் எண் மேல்தகட்டின் எண்ணும் இல்லை, புகையின் எண்ணும் இல்லை. மின்விசிறியைப் போட்டால் முள் இறங்கும், நிறுத்தினால் ஏறும், உள்ளே நெருப்பு மாறாமலிருந்தாலும். ஆனாலும் அதைப் பயனற்றது என்று ஒதுக்கமாட்டேன். ஒரே இடத்தில், ஒரே விசிறி வேகத்தில், ஒரு குளிர்காலம் முழுக்கப் பார்த்து வருபவருக்கு அது தன் அடுப்பின் இயல்பைச் சொல்லிவிடும். பக்கத்து வீட்டு எண்ணோடு ஒப்பிடக்கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை.

அகச்சிவப்புத் துப்பாக்கி வெப்பமானி மலிவானபோது பலர் அதற்கு மாறினார்கள். கறுப்பு வண்ணம் பூசிய இரும்பில் அது நம்பத்தக்கது. பளபளக்கும் உலோகத்தில் குறைத்துக் காட்டும். கண்ணாடிக் கதவில் காட்டும் எண்ணை நெருப்பின் சூடு என்று எடுத்துக்கொள்ள முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, யாராவது எழுந்து போய்க் குறிபார்த்தால்தான் அளக்கும்.

இன்செர்ட்டுக்கு உண்மையான விடை தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகங்களின் சந்திப்பைச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கிறது என்பது 1821-இல் தாமஸ் சீபெக் கண்ட விளைவு. நிக்கல்-குரோமியம் கம்பியும் நிக்கல்-அலுமினியம் கம்பியும் சேர்ந்த கே வகை, ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 41 மைக்ரோவோல்ட் தரும். 1200 டிகிரி வரை தாங்கும். உலைக்கூடங்களில் நெடுங்காலம் உழைத்த இந்தக் கம்பி இப்போது வரவேற்பறைக்கு வந்திருக்கிறது. அடுப்பிலிருந்து புகை வெளியேறும் கழுத்தருகே சிறு துளையிட்டு நுனியைச் செருகி, கம்பியை மறைப்புத் தகட்டின் அடியில் இழுத்து, மாடத்தின் மேல் எண்காட்டியை வைத்துவிடுகிறார்கள். புகையின் சூடு நொடிக்கு நொடி எண்ணாகத் தெரியும். மேல் எல்லையைத் தாண்டினால் அலறும். காந்தத் தகட்டில் இரும்பு சூடேறி முள் நகரப் பல நிமிடம் ஆகும். இதில் கதவைத் திறந்த உடனே எண் மாறுவதைப் பார்க்கலாம். துளையிடுவதை மட்டும் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்து, தொழில் தெரிந்தவரைக் கொண்டு செய்ய வேண்டும்.

இந்த எண்ணோடு ஒரு மாலைப்பொழுதைக் கழித்தால் நெருப்பின் போக்கு விளங்கும். சிராய் பற்றியதும் எண் விறுவிறுவென ஏறும். பெரிய கட்டைகளை வைத்ததும் சற்று இறங்கி, ஈரம் போனபின் மறுபடி ஏறும். இந்த இரண்டாம் ஏற்றத்தில்தான் மனிதர்கள் ஏமாறுவது. காற்று வாயை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனவர், திரும்பி வருவதற்குள் எண் கட்டுமீறிப் போயிருக்கும். அப்போது அலறும் கருவி பல அடுப்புகளைக் காப்பாற்றுகிறது. எண் நடுப்பகுதிக்குள் ஏறி நிலைத்த பிறகு காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று தவணையில் குறைக்க வேண்டும். சரியாகச் செய்தால், கட்டைகளின் மேல் சுவாலை அடங்கி, அடுப்பின் மேற்கூரையில் உள்ள சிறு துளைகளிலிருந்து வாயு அடுப்புபோல் தனிச் சுவாலைகள் கிளம்பும். புகையே எரிகிறது என்பதற்கு அது அடையாளம். வெளியே போய்ப் பார்த்தால் புகைபோக்கி நுனியில் ஆவிதவிர ஒன்றும் தெரியாது.

மேற்கூரைத் துளைகள் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல, சட்டத்தால் வந்தவை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988-இல் விறகு அடுப்புகளுக்குத் தேசிய விதி கொண்டுவந்தது. 1990-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் கட்டத்தில், வினையூக்கி இல்லாத அடுப்பு மணிக்கு 7.5 கிராமுக்கு மேல் நுண்துகள் விடக்கூடாது, வினையூக்கி உள்ளது 4.1 கிராமுக்கு மேல் விடக்கூடாது. 2015-இல் எல்லாவற்றுக்கும் 4.5, 2020 மே மாதத்திலிருந்து 2.0, நிஜ விறகைக் கொண்டு சோதித்தால் 2.5. முப்பது ஆண்டில் இவ்வளவு இறக்கம் சாதாரணமில்லை. தயாரிப்பாளர்கள் இரண்டு வழியில் இதைச் சாதித்தார்கள். ஒன்று, சூடாக்கிய காற்றை மேலிருந்து ஊதிப் புகையை எரிப்பது. இன்னொன்று, மோட்டார் வாகனத்திலிருந்து வந்த தேன்கூடு வடிவ வினையூக்கி. 600 டிகிரியில் எரிய வேண்டிய புகையை இது ஏறக்குறைய 260 டிகிரியிலேயே எரித்துவிடும். அந்த 260-ஐத் தொடும் முன் புகையை அதற்குள் திருப்பினால் அடைத்துக்கொள்ளும். ஆக, வினையூக்கி அடுப்பில் வெப்பமானி கூடுதல் வசதி இல்லை. அது இல்லாமல் அடுப்பை ஓட்டவே முடியாது.

இந்த மாற்றம் ஊர் அளவில் என்ன செய்யும் என்பதற்கு மான்டனா மாநிலத்தின் லிபி ஊர் சான்று. மலைகளுக்கு நடுவே குளிர்காலப் புகை தேங்கி நிற்கும் பள்ளத்தாக்கு அது. 2005 தொடங்கிச் சில ஆண்டுகளில் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய அடுப்புகளை மாற்றினார்கள். குளிர்கால நுண்துகள் அளவு முப்பது சதவீதம்போல் இறங்கியது. மான்ட்ரியல் நகரம் இன்னும் கடுமை: 2018 அக்டோபரிலிருந்து மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் விடும் விறகு அடுப்பை எரிக்கக்கூடாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் போனால் மட்டும் விலக்கு. 1998 ஜனவரியின் பனிமழையில் கியூபெக்கில் லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் இருட்டிலும் குளிரிலும் கிடந்ததை மறக்காதவர்கள் எழுதிய விலக்கு அது. நியாயமான விதி என்றே எனக்குப் படுகிறது.

பொருத்தும் முறையும் மாறிவிட்டது. இன்று இன்செர்ட் வைத்தால் துருப்பிடிக்காத எஃகுக் குழாயை அடுப்பின் கழுத்திலிருந்து புகைபோக்கியின் உச்சி வரை இறக்கிப் பொருத்துகிறார்கள். குறுகிய குழாயில் புகை சூடு குறையாமல் விரைவாக ஏறும். பழைய ஸ்லாமர் முறையில் தொழில் தெரிந்த எவரும் இன்று பொருத்தமாட்டார். ஆனால் அப்படிப் பொருத்தியவை பழைய வீடுகளில் இன்னும் இருக்கின்றன, வீடு கைமாறும்போது அழகான கண்ணாடிக் கதவோடு சேர்ந்து கைமாறுகின்றன.

மாறாத ஒன்று விறகின் ஈரம். வெட்டிய பச்சை மரத்தின் எடையில் பாதி வரைகூடத் தண்ணீர் இருக்கும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2260 கிலோஜூல் செலவாகிறது. அந்தச் செலவை நெருப்புதான் கொடுக்க வேண்டும். ஈர விறகு வைத்தவரின் எண்காட்டி 150-க்கும் 200-க்கும் நடுவே தவித்துக்கொண்டிருக்கும். காற்றைத் திறந்தாலும் ஏறாது, குறைத்தால் விழும். கருவி கெட்டுவிட்டது என்று கருவியைத் திட்டுவார்கள். பிளந்த கட்டையின் உட்பக்கத்தில் ஈரமானி முள்ளைக் குத்திப் பார்த்து, 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் அடுப்புக்கு எடுக்க வேண்டும். ஓக் போன்ற அடர்ந்த மரத்துக்கு இரண்டு கோடைகள் காயும் பொறுமை வேண்டும். அந்நாள் பண்ணைக்காரர் அடுத்த குளிருக்கான விறகை முன்கூட்டியே பிளந்து அடுக்கியது இதனால்தான். அவர் அறிவுக்கும் இன்றைய எண்ணுக்கும் இங்கே முரண்பாடே இல்லை.

எண்ணையே நம்பிக் கண்ணை மூடிக்கொள்பவர்களும் பெருகியிருக்கிறார்கள், அது சரியில்லை. காந்தத் தகடு பழசானால் பத்து, இருபது டிகிரி தவறிக் காட்டும்; சில அதைவிடவும் தவறும். தெர்மோகப்பிள் தன் நுனி இருக்கும் ஓரிடத்தைத்தான் அறியும். புகைபோக்கி உச்சியின் கம்பிவலையில் கரி அடைத்திருப்பது அதற்குத் தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை புகைபோக்கியைச் சோதிக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் 211-ஆம் தரவிதி. எந்த வெப்பமானியும் அந்தச் சோதனைக்கு ஈடாகாது. சுவாலையின் நிறத்தையும் புகைபோக்கி நுனியையும் பார்க்கும் பழைய பழக்கமும் வேண்டும்.

கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் நம்மவர்கள் பலர் ஊர்ப்புறத்தில் பழைய வீடு வாங்குகிறார்கள். வரவேற்பறையில் இன்செர்ட் இருந்தால், முதல் நெருப்பை மூட்டும் முன் சான்றிதழ் பெற்ற ஒருவரை அழைத்துக் குழாய் உச்சி வரை போகிறதா என்று பாருங்கள். கனடாவில் வெட் (WETT) சான்றிதழ் உள்ளவரை அழையுங்கள், காப்பீட்டு நிறுவனமும் பெரும்பாலும் அதைத்தான் கேட்கும். புகையின் சூட்டைக் காட்டும் ஒரு வெப்பமானியைப் பொருத்துங்கள். படுக்கையறைகளுக்கு அருகே புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வையுங்கள். ராத்திரி காற்றை அடைத்து நெருப்பைப் புகையவிட்டுப் படுக்காதீர்கள். சூடாக, சுத்தமாக எரியவிட்டு, தணலாக அடங்கிய பிறகு படுங்கள். குழாயில் ரயில் ஓடும் ஓசை கேட்டால் அடுப்பின் காற்று வாயையும் கதவையும் மூடிவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, 911-ஐ அழையுங்கள்.